பருத்தி புடவையாய்க் காய்க்காது: ஒரு பனியன் உருவாகும் விதத்தைக் குழந்தைகளுக்குச் செய்து காட்ட ஒரு வழிகாட்டி

தொடக்கப்பள்ளிச் சுவர்களில் ஒரு படம் தொங்கும். இடது ஓரத்தில் பருத்திச் செடி, அடுத்து நூல்கண்டு, அதற்கடுத்து துணி, வலது ஓரத்தில் சட்டை. நடுவே மூன்று அம்புக்குறிகள். குழந்தைகள் நான்கு பெயர்களையும் வரிசை தவறாமல் ஒப்பித்துவிடுவார்கள். பஞ்சு எப்படி நூலாயிற்று என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும், "மெஷின்ல போட்டா வரும்" என்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

பாடுபடாமல் ஒன்று கைக்கு வந்து சேர்ந்தால் 'பருத்தி புடவையாய்க் காய்த்தது' என்போம். அந்தச் சுவர்ப்படம் ஏறக்குறைய அதைத்தான் கற்றுத்தருகிறது. செய்தி முழுவதும் அம்புக்குறிகளுக்குள் இருக்கிறது. அவற்றைத்தான் திறந்துகாட்ட வேண்டும்.

நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வீட்டிலோ வகுப்பிலோ இதைச் செய்து காட்டும் முறையைக் கீழே எழுதியிருக்கிறேன். மூலப்பொருள்கள் எத்தனையோ இருக்கப் பருத்தியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எளியது. இரும்பையோ கண்ணாடியையோ வீட்டில் உருக்க முடியாது. பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கவும், திரிக்கவும், நெய்யவும், சாயம் போடவும் ஐந்து வயதுக் கையாலேயே முடியும்.

முதலில் சேகரிக்க வேண்டியவை

கொட்டை எடுக்காத பருத்தி ஒரு கைப்பிடி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் உறவினர் யாராவது இருந்தால் மாசி, பங்குனியில் சொல்லிவையுங்கள். பெரம்பலூர், சேலம் மாவட்டங்களிலும் பருத்தி போடுகிறார்கள். கிடைக்கவே இல்லையென்றால் பூஜைப் பொருள் கடையில் விளக்குத்திரிக்கு விற்கும் பஞ்சை வைத்துச் சமாளிக்கலாம். கொட்டை எடுக்கும் கட்டம் மட்டும் விட்டுப்போகும்.

கிழிந்த பனியன் ஒன்று, பழைய பருத்தித் துண்டு அல்லது வேட்டி ஒன்று, மருந்துக்கடைப் பஞ்சு, கெட்டி அட்டை, பருமனான கம்பளி நூல், மஞ்சள் தூள், படிகாரம், ஒரு பூதக்கண்ணாடி, சமையலறைத் தராசு இருந்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை. விதைப்புக்காகப் பாக்கெட்டில் விற்கும் பருத்தி விதையைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். அதில் பெரும்பாலும் பூச்சிமருந்து தடவியிருப்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கவும் நினைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு கட்டம் போதும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதிலிருந்து எது வெளியே போயிற்று? புதிதாக எது சேர்ந்தது? இந்த வேலையை யார் செய்கிறார்கள்? தொழிற்சாலை என்றால் என்னவென்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டிய தேவையே இராது. இந்த மூன்றையும் கேட்கப் பழகிய குழந்தை பிறகு சோப்பு, செங்கல், சர்க்கரை எதைப் பார்த்தாலும் தானாகவே கேட்கத் தொடங்கும்.

படி 1: பனியனைப் பிரித்துப் பார்ப்பது

செடியிலிருந்து தொடங்கத்தான் நமக்குத் தோன்றும். நான் கடைசியிலிருந்து தொடங்கச் சொல்வேன். குழந்தைக்குத் தெரிந்தது பனியன், தெரியாதது செடி. தெரிந்ததைக் கலைத்துக்கொண்டே தெரியாததை நோக்கிப் போனால் ஆர்வம் குறையாது. எதையும் கலைத்துப் பார்க்கும் குணம் அந்த வயதில் இயல்பாகவே இருக்கிறது, அதற்கு இங்கே அனுமதியும் கிடைக்கிறது.

கிழிந்த பனியனிலிருந்து உள்ளங்கை அளவு துண்டை வெட்டிக் கொடுங்கள். வெட்டிய ஓரம் தானாகவே சுருண்டுகொள்வதைக் காட்டுங்கள். அகலவாக்கில் இழுத்தால் நன்றாக நீளும், விட்டால் திரும்பும். இப்போது பழைய துண்டில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுங்கள். இது சுருளாது, நேராக இழுத்தால் அவ்வளவாக நீளாது. ஏன் என்று உடனே சொல்லிவிடாமல் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். பனியன் துணியில் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய வளையங்கள் தெரியும். துண்டில் நெடுக்கும் குறுக்குமாக மேலும் கீழும் போகும் இழைகள் தெரியும். முதலாவது பின்னிய துணி, இரண்டாவது நெய்த துணி. பெயர்கள் இப்போதைக்கு இவ்வளவு போதும்.

அடுத்து, துண்டின் ஓரத்திலிருந்து ஒரே ஓர் இழையை உருவச் சொல்லுங்கள். அதன் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து, முறுக்கு அவிழும் திசையில் மெதுவாகத் திருகச் சொல்லுங்கள். தவறான பக்கம் திருகினால் நூல் இன்னும் இறுகும். அப்போது மறுபக்கம் திருகினால் போதும். சில சுற்றுகளில் நூல் தளர்ந்து, உப்பி, லேசாக இழுத்ததும் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்துவிடும். அறுந்த முனையைக் கண்ணாடி வழியே பார்த்தால் மயிரிழையைவிட மெல்லிய நார்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நூல் என்பது ஒற்றைப் பொருள் இல்லை, சின்னச் சின்ன நார்களின் கூட்டம் என்று குழந்தை கண்டுபிடிக்கும் இடம் இது. நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம்.

இந்தக் கட்டத்துக்கு மட்டும் மூன்று கேள்விகள் வேண்டாம். "இந்த நார் எங்கே முளைத்தது?" என்ற ஒரே கேள்வியோடு அன்றைக்கு முடித்துக்கொள்ளலாம்.

படி 2: செடி

வெண்டைச் செடியைக் காட்டுங்கள். பருத்தியும் வெண்டையும் செம்பருத்தியும் பூவரசும் ஒரே குடும்பம். பூக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். பருத்திப் பூவுக்கு இன்னொரு வேடிக்கை உண்டு. வெளிர் மஞ்சளாகப் பூப்பது மறுநாள் இளஞ்சிவப்பாக மாறி வாடும். பூ உதிர்ந்த இடத்தில் பச்சைக் காய் பிடித்து, முற்றி, வெயிலில் காய்ந்து வெடிக்கும். உள்ளே மூன்று முதல் ஐந்து சுளைகள். ஒவ்வொரு சுளையிலும் விதைகள், விதைகளைச் சுற்றி வெள்ளை முடி. எருக்கங்காய் வெடித்து விதைகள் காற்றில் பறப்பதைப் பார்த்திருக்கும் குழந்தைக்கு, பஞ்சு என்பது விதையின் தோலில் முளைத்த முடி என்று சொன்னால் சட்டென்று பிடிபடும். ஒரு விதையில் பல ஆயிரம் நார்கள் இருக்கும். ஒவ்வொன்றும் குழந்தையின் சுண்டுவிரலைவிடக் குட்டை, பெரும்பாலும் 3 சென்டிமீட்டரை ஒட்டித்தான்.

விதைத்து, எடுத்து முடிக்க ஐந்து, ஆறு மாதங்கள் ஆகும். தென்மாவட்டங்களில் மானாவாரிப் பருத்தியைப் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைப்பார்கள். கரிசல் மண் மழைநீரைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்வதால் மழை நின்ற பிறகும் செடி தாக்குப்பிடிக்கிறது. பள்ளியிலோ மொட்டைமாடியிலோ தொட்டியில் ஒரு செடி வளர்த்தால் நல்லது. நல்ல வெயில் படும் இடம் வேண்டும். வேண்டியவர்களின் தோட்டத்திலிருந்து மருந்து படாத கொட்டையை வாங்கி ஊன்றலாம்.

யார் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு இங்கே கொஞ்சம் நேரம் கொடுங்கள். இந்தியாவில் பருத்தியைப் பெரும்பாலும் கையால்தான் எடுக்கிறார்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள். வெடித்த காயின் ஓடு காய்ந்து முனை கூராக இருக்கும். அவசரப்பட்டால் விரலைக் கீறும். இலைத் தூசி ஒட்டாமல் நல்ல பருத்தியைத் தனியாகவும், கறை பட்ட கொட்டுப் பருத்தியைத் தனியாகவும் மடியில் சேர்க்க வேண்டும். காய்ந்த ஓடு ஒன்று கிடைத்தால் அதன் முனையைக் குழந்தை தொட்டுப் பார்க்கட்டும்.

படி 3: கொட்டை எடுப்பது

தராசில் பருத்தியை நிறுத்து எடையைச் சுவரில் எழுதுங்கள். பிறகு ஆளுக்கு ஒரு சுளையைக் கொடுத்து, விதை வேறு பஞ்சு வேறாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முதல் விதைக்கு உற்சாகமாக இருக்கும். நாலாவது விதையில் சலிப்பு வரும். பஞ்சு விதையை லேசில் விடாது. இந்தச் சலிப்பு வரட்டும், அதுவரை காத்திருங்கள். இயந்திரம் ஏன் வந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

அதன்பிறகு ஒரு பழைய உத்தியைக் காட்டலாம். சுளையைத் தட்டையான கல்லிலோ பலகையிலோ வைத்து, மெல்லிய இரும்புக் கம்பியை அழுத்தி உருட்டினால் விதை முன்னால் பிதுங்கி வெளியேறும், பஞ்சு பின்னால் தங்கும். இந்தக் கருத்தை இரண்டு உருளைகளாக்கிக் கைப்பிடி வைத்துச் சுற்றிய மரக் கருவிகளை நம் நாட்டில் நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் எலி விட்னி 1793இல் பற்கள் வைத்த இயந்திரம் ஒன்றைச் செய்தார். இன்று ஜின்னிங் ஆலைகளில் இந்த வேலை நடக்கிறது. அங்கிருந்து பஞ்சை அழுத்திக் கட்டி பேல் பேலாக அனுப்புகிறார்கள். இந்தியாவில் ஒரு பேல் 170 கிலோ.

பிரித்து முடித்ததும் மறுபடி நிறுங்கள். பஞ்சைவிட விதைதான் கனமாக இருக்கும்! தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி விதை. ஒரு பேல் பஞ்சுக்கு ஏறக்குறைய 500 கிலோ பருத்தி வேண்டும். இந்தக் கணக்கைக் கேட்டுப் பெரியவர்களே புருவம் உயர்த்துவார்கள்.

அப்படியானால் அத்தனை விதையும் எங்கே போகிறது? எண்ணெய் எடுக்கிறார்கள். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மதுரைப் பக்கத்தில் பருத்திப்பாலாகிக் கிண்ணத்திலும் வருகிறது. உணவுக்கென்று கடையில் விற்கும் கொட்டையை இரவு ஊறவைத்து, மறுநாள் அரைத்துப் பிழிந்து, பாலை அரிசி மாவோடு நன்றாகக் கொதிக்கவிட்டு, கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்து இறக்குவார்கள். பச்சைப் பருத்திக்கொட்டையை அப்படியே தின்னக் கூடாது என்பதையும் குழந்தைக்குச் சொல்லிவிடுங்கள். 'எது போயிற்று' என்ற கேள்விக்கு விடையைக் குடித்தே தெரிந்துகொள்ளும் வாய்ப்பு வேறு எந்தப் பாடத்தில் கிடைக்கும்?

படி 4: நூல் நூற்பது

இந்த வழிகாட்டியில் மிகவும் முக்கியமான கட்டம் இது. மற்றவற்றைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

முதலில் பஞ்சைக் கையால் பிய்த்து உதிர்த்து, தூசு துப்பட்டைகளைப் பொறுக்கி எடுங்கள். பிறகு நார்களை ஒரே திசையில் படியவைக்க வேண்டும். சிக்கு விழுந்த தலையைச் சீவுவது போன்ற வேலைதான் இது. கம்பிப் பல் உள்ள பிரஷ்கள் இரண்டு இருந்தால் நன்றாக வரும், இல்லையென்றால் விரலால் இழுத்து இழுத்துப் படிய வைக்கலாம். மில்லில் இதைக் கார்டிங் என்கிறார்கள்.

இப்போது ஒரு சோதனை. படிந்த பஞ்சிலிருந்து ஒரு கற்றையை உருவி, முறுக்காமல் இரு பக்கமும் இழுக்கச் சொல்லுங்கள். பொத்தென்று பிரியும். அதே அளவு இன்னொரு கற்றையை எடுத்து, ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொண்டு, மறுமுனையைக் குழந்தை முறுக்கிக்கொண்டே போகட்டும். நன்றாக முறுக்கேறியதும் இழுக்கச் சொல்லுங்கள். எளிதில் அறாது. பசை போடவில்லை, முடிச்சுப் போடவில்லை. புதிதாக எது சேர்ந்தது? முறுக்கு மட்டும்தான். இந்த விடையைக் குழந்தை தானே சொல்லும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

காரணத்தையும் சொல்லலாம். பருத்தி நார் பச்சையாக இருக்கும்போது உள்ளே ஈரமுள்ள குழாய். காய் வெடித்து உலரும்போது அது தட்டையாகி, ரிப்பனைத் திருகியதுபோல் தானே சுருண்டுகொள்கிறது. முறுக்கும்போது அந்தச் சுருள்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. தலையணையில் அடைக்கும் இலவம்பஞ்சு கொஞ்சம் கொடுத்து அதையும் முறுக்கச் சொல்லுங்கள். வழவழவென்று நழுவும். பார்வைக்கு இரண்டும் வெள்ளைப் பஞ்சு. ஒன்றில் பனியன் வருகிறது, மற்றதில் தலையணையோடு சரி. இலவ மரத்துப் பஞ்சில்தான் சட்டை தைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நகரத்தில் நிறைய. (பஞ்சுமிட்டாய் பற்றியும் கட்டாயம் ஒரு கேள்வி வரும். அது சர்க்கரை. அதற்கு இன்னொரு நாள்.)

ஏழு, எட்டு வயதுக்காரர்களுக்குத் தக்ளி (கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கருவி) செய்து கொடுங்கள். நீளமான பென்சிலின் கீழ்ப்பகுதியில் கெட்டியான அட்டை வட்டம் ஒன்றை இறுகச் செருகினால் தக்ளி தயார். பென்சிலில் ஒரு நூலைக் கட்டி, அதன் முனையைப் பஞ்சோடு சேர்த்துப் பிடித்து, பென்சிலைச் சுழற்றிவிட்டுப் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவ வேண்டும். நூல் கட்டியும் முட்டியுமாகத்தான் வரும், அடிக்கடி அறும். ஒரு முழம் நூல் கிடைத்தாலே பெரிய வெற்றி. ஒரு காலத்தில் நம் பள்ளிகளில் இதற்கென்றே பாடவேளை இருந்தது. வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள், கை மறந்திருக்காது.

அந்த ஒரு முழத்தை வைத்துக்கொண்டு அடுத்த கணக்கைச் சொல்லுங்கள். நூலின் பருமனைக் கவுண்ட் என்ற எண்ணால் சொல்வார்கள். பனியனுக்குப் பரவலாகப் பயன்படும் 30ஆம் கவுண்ட் நூலில், 100 கிராம் எடை என்றால் நீளம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ஐந்து வயதுப் பிள்ளையின் பனியன் அந்த எடையை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் ஊரில் 5 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு கோயிலையோ பஸ் நிலையத்தையோ காட்டி, "இங்கிருந்து அங்கே வரை போகும் நூலை நீ போட்டுக்கொண்டிருக்கிறாய்" என்று சொல்லுங்கள். கவுண்ட் கூடக் கூட நூல் மெலிதாகும்; 40ஆம் கவுண்ட் என்றால் அதே எடையில் இன்னும் நீளம் வரும்.

இவ்வளவு நூலைக் கையால் நூற்க முடியாது என்பதால் மில். ஸ்பின்னிங் மில்லில் நூலை முறுக்கும் கதிர்கள் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கும் மேல் சுழல்கின்றன. கோயம்புத்தூரில் மில்கள் பெருகியதற்குச் சுற்றுவட்டாரப் பருத்தியும் தட்பவெப்பமும் ஒரு காரணம் என்றால், 1932இல் வந்த பைக்காரா நீர்மின்சாரம் இன்னொரு காரணம். நீலகிரியில் விழுந்த தண்ணீர் சமவெளியில் கதிரைச் சுழற்றியது. இன்று தமிழ்நாட்டு மில்களுக்குத் தேவைப்படும் பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து வருகிறது. இந்திய வரைபடத்தை விரித்து வைத்து, அந்த மாநிலங்களிலிருந்து கோவைக்கு ஒரு நிஜ நூலை ஒட்டிக் காட்டலாம்.

படி 5: துணியாக்குவது

இரண்டு வழிகளையும் செய்து காட்டலாம். நெய்வதற்குப் புத்தக அளவு அட்டையின் மேலும் கீழும் அரை அங்குல இடைவெளியில் சிறு வெட்டுகள் போடுங்கள். கம்பளி நூலை வெட்டுக்கு வெட்டு மேலும் கீழுமாக இறுகச் சுற்றுங்கள். அது பாவு. வேறு நிற நூலை மழுங்கிய ஊசியில் கோத்து, ஓர் இழைக்கு மேல், அடுத்த இழைக்குக் கீழ் என்று குறுக்கே ஓட்டச் சொல்லுங்கள். அது ஊடை. திரும்பி வரும்போது மேல் கீழ் மாற வேண்டும். மாற்ற மறந்தால் ஊடை நிற்காமல் உருவிக்கொண்டு வந்துவிடும். திருத்தாமல் விட்டுவிடுங்கள், உருவி வந்த பிறகு அவர்களே சரிசெய்வார்கள். வரிசைக்கு வரிசை பழைய சீப்பால் தட்டி நெருக்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நூல் கஷ்டம், வண்ணக் காகிதப் பட்டைகள் கொடுங்கள்.

பின்னுவதற்கு விரல்களே போதும். கம்பளி நூலில் ஒரு வளையம் போட்டு, அந்த வளையத்துக்குள் விரலை விட்டு நூலை இழுத்து அடுத்த வளையம், அதற்குள் இன்னொன்று. சங்கிலி நீண்டுகொண்டே போகும். கடைசி வளையத்தில் மாட்டாமல் நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் சர்ரென்று அவிழ்ந்துவிடும். இதைக் குழந்தைகள் பத்து முறையாவது செய்து சிரிப்பார்கள். பனியன் ஏன் நீள்கிறது, ஒரு கண்ணி விட்டால் ஏன் ஓடிக்கொண்டே போகிறது என்பது அந்தச் சிரிப்பிலேயே விளங்கிவிடும்.

நெசவு என்றால் சோமனூர், பல்லடம், ஈரோடு விசைத்தறிகள். பனியன் என்றால் திருப்பூர். பனியன் துணியைப் பின்னும் இயந்திரம் வட்டமானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் சுற்றிச் சுற்றிக் கண்ணி போட, துணி குழாயாக இறங்கும். வீட்டில் இருக்கும் சாதாரண வெள்ளைப் பனியனை எடுத்து, அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் தையல் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். சிலவற்றில் இருக்காது. குழாயாகப் பின்னிய துணியை அப்படியே உடம்புக்கு வைத்துக்கொண்டார்கள்.

படி 6: வெளுப்பதும் சாயம் போடுவதும்

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். செடியிலிருந்து வந்த பஞ்சை ஒரு சிட்டிகை போடுங்கள், மிதக்கும். மருந்துக்கடைப் பஞ்சைப் போடுங்கள், நொடிகளில் நனைந்து மூழ்கும். இரண்டும் பருத்திதான். முதலாவதில் இயற்கையான மெழுகு பூசியிருக்கிறது, இரண்டாவதில் அதைக் கொதிக்கவைத்து நீக்கிவிட்டார்கள். மெழுகு போகாமல் துணி சாயத்தையும் பிடிக்காது, வியர்வையையும் உறிஞ்சாது. அதனால்தான் புதுத்துணியை முதலில் சோடாக் காரம் சேர்த்து வேகவைத்து, வெளுத்து, பிறகு சாயம் ஏற்றுகிறார்கள்.

சாயத்துக்கு மஞ்சள் எளிது. வெள்ளைத் துணியை மூன்று துண்டாக்கி, ஒன்றைப் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஊறவையுங்கள். அதையும் இன்னொன்றையும் மஞ்சள் போட்டுக் கொதித்த தண்ணீரில் அரைமணி நேரம் வைத்து (அடுப்பு வேலை பெரியவர்களுடையது), அலசிக் காயப்போடுங்கள். மூன்றாவது துண்டு ஒப்பிட்டுப் பார்க்க. காய்ந்ததும் மஞ்சள் துணியில் சோப்பைத் தேய்த்தால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்ப மஞ்சளாகும். வெயிலில் சில நாள் விட்டால் மஞ்சள் வெளுத்துப்போகும். கடைச் சாயம் அப்படி எளிதில் வெளுக்காது, அதற்குக் காரணம் நாருடனேயே பிணைந்துகொள்ளும் வேதிப்பொருள்கள்.

அலசிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து மேசைமேல் வையுங்கள். 'எது போயிற்று' என்ற கேள்வி இங்கே கனக்கத் தொடங்குகிறது. பருத்திக்குச் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும், அந்த உப்பு துணியில் தங்காமல் தண்ணீரோடு போகிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் தண்ணீர் பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் நிலத்தைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த ஏற்பாடு செய்த பிறகே படிப்படியாகத் திறந்தார்கள். நான்கு வயதுக்கு இவ்வளவு வேண்டாம். எட்டு வயதுக்குச் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. பளிச்சென்ற நிறத்தைக் காட்டிவிட்டு அந்தத் தண்ணீரை மறைத்தால், நாமும் அந்தச் சுவர்ப்படத்தின் வேலையைத்தான் செய்கிறோம்.

படி 7: வெட்டுவதும் தைப்பதும்

செய்தித்தாளில் பனியனின் முன்பாகம், பின்பாகம், இரண்டு கைகள், கழுத்துப்பட்டி வரைந்து வெட்டச் சொல்லுங்கள். ஸ்டேப்ளர் அடித்துச் சேர்த்துப் பொம்மைக்குப் போடலாம். வெட்டியபின் மிச்சமாகும் காகிதத்தை ஒரு குவியலாகச் சேருங்கள். பிறகு, அதே அளவுகளை நெருக்கி நெருக்கி வரைந்து இன்னொரு தாளில் வெட்டினால் குவியல் சிறுக்கும். துணி வீணாகாமல் அளவு வரைவது ஏன் தனித் திறமையாக இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு பனியன் பல கைகள் மாறும். கட்டிங் மாஸ்டர் அடுக்கடுக்காகத் துணியை விரித்து ஒரே தடவையில் நிறைய வெட்டுவார். ஓவர்லாக் தைப்பவர் ஓரங்களை இணைப்பார், கைமடிப்பவர் பக்கத்திலிருந்து மடித்துக் கொடுப்பார், இன்னொருவர் பிசிறு வெட்டுவார், செக்கிங்கில் ஓட்டை, கறை பார்ப்பார்கள். பிறகு இஸ்திரி, மடிப்பு, பெட்டி. வகுப்பில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு வேலை கொடுத்துக் காகிதப் பனியன் தைக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒருவர் தாமதித்தால் அடுத்தவர் சும்மா இருப்பதும், முந்தியவர் முடித்தது குவிவதும் கண்ணெதிரே நடக்கும்.

வெட்டில் விழுந்த துணி எங்கே? மெக்கானிக் கடையில் கிரீஸ் துடைக்கும் வண்ண வண்ணத் துணிகளைப் பார்த்திருப்பீர்கள், அவை பெரும்பாலும் பனியன் கழிவுதான். இதையொட்டி ஒரு பத்து ரூபாய் நோட்டையும் காட்டலாம். நம் ரூபாய் நோட்டின் காகிதம் பருத்தியால் ஆனது, அதனால்தான் சட்டைப்பையில் மறந்து துவைத்தாலும் கரையாமல் தப்புகிறது.

தைத்த நூலும் பட்டனும் வேறு கதை. தையல்நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர், பட்டன் பிளாஸ்டிக். இரண்டும் மண்ணெண்ணெயின் உறவினர்கள், பூமிக்கடியிலிருந்து வந்தவை. '100 சதவீதம் பருத்தி' என்று துணிச்சீட்டில் இருந்தாலும் சட்டையில் பருத்தி அல்லாததும் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது பெரிய பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை.

அடுத்து எதை எடுக்கலாம்?

மூலப்பொருளைக் குழந்தை கையில் பிடிக்க முடிகிற எதையும் எடுக்கலாம். கைப்பேசியையும் பிளாஸ்டிக் வாளியையும் கொஞ்சம் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பருத்திக்கு அடுத்து நான் உப்பைச் சொல்வேன், ஏனென்றால் அதில் வேலை குறைவு, காத்திருப்பு அதிகம், பருத்திக்கு நேர்மாறு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் அந்த அளவு கல்லுப்பைக் கரைத்து, அகலமான கறுப்புத் தட்டில் கொஞ்சமும் ஆழமான கிண்ணத்தில் கொஞ்சமுமாக ஊற்றி மாடியில் வையுங்கள். தட்டில் இருப்பது முதலில் காயும். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் பாத்திகளை ஏன் ஆழமில்லாமல் அகலமாகக் கட்டுகிறார்கள் என்பதற்கு விடை அந்தத் தட்டில் கிடைக்கும். சித்திரை வெயிலில் தொடங்குங்கள், மழைக்காலத்தில் இது நடக்காது.